படை அனுப்பாம நாட்டைக் காக்குறது எப்படி? திரும்பத் திரும்ப என்கிட்ட கேட்ட கேள்விகள்

எங்க ஊர் நூலகத்துல ஞாயித்துக்கிழமை காலைல போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பசங்களோட உக்காந்து நடப்பு விஷயங்கள் பேசுறது ரொம்ப வருஷமா நடக்குது. 2025 மே மாசத்துல பாகிஸ்தானோட நடந்த மோதலுக்கு அப்புறம் வெளியுறவு பத்தி பேச்செடுத்தாலே ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் வருது, பசங்க மட்டும் இல்ல, அவங்க அப்பாக்கள், பேப்பர் படிக்க வர்ற பெரியவங்க, சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்னு எல்லா இடத்துலயும். அதை எல்லாம் கேட்ட வாக்குலயே இங்க எழுதிட்டேன். முதல்ல இருந்து வரிசையா படிங்க, முன்னாடி சொன்னதைப் பின்னாடி திருப்பிச் சொல்லல.

ராணுவம் இல்லாத கருவிகள்னு சொல்றீங்களே அண்ணா, அப்படின்னா என்ன, பேச்சுவார்த்தை மட்டும்தானா?

பேச்சுவார்த்தை அதுல ஒண்ணு, அவ்ளோதான். தூதரகம், கடன், மானியம், புயல் பூகம்பம் வந்தா போய் நிக்கிறது, அடுத்த நாட்டு அதிகாரிகளைக் கூப்பிட்டு பயிற்சி குடுக்குறது, ஸ்காலர்ஷிப், விசா, வியாபார ஒப்பந்தம், தீவிரவாதிக்குப் போற பணத்தை அடைக்கிறது, ஓடிப்போன குற்றவாளியை சட்டப்படி பிடிச்சுக் கொண்டு வர்றது, ஐ.நா. மாதிரி இடத்துல ஓட்டு சேக்குறது, எல்லாமே இதுல வரும். படையை அனுப்பாம அடுத்த நாடு எடுக்குற முடிவு நமக்கு எதிரா போகாம பாத்துக்கிறதுக்கு என்னென்ன வழி இருக்கோ அது அத்தனையும்னு வச்சுக்கோங்க.

நமக்கு இது புது விஷயமும் இல்ல. சாம தான பேத தண்டம்னு பேச்சு வழக்குலயே சொல்றோம், அதுல தண்டம் கடைசியா நிக்குது. குறள்ல தூதுக்குன்னே ஒரு அதிகாரம் இருக்கு. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமான்கிட்ட தூது போனப்போ, உங்க ஆயுதம் எல்லாம் நெய் பூசி மயில் பீலி சூட்டி மாளிகைல அழகா இருக்கு, எங்க ராஜாவோடது நுனி உடைஞ்சு கொல்லன் பட்டறைல கிடக்குன்னு சொன்னாங்க பாருங்க, ஒரு சொட்டு ரத்தம் இல்லாம சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டாங்க.

இன்னைக்குக் காலத்து உதாரணம் வேணும்னா கத்தார். நம்ம முன்னாள் கடற்படைக்காரங்க 8 பேருக்கு 2023 அக்டோபர்ல அங்க மரண தண்டனை குடுத்தாங்க. டிசம்பர்ல அது குறைஞ்சது, 2024 பிப்ரவரில எட்டுப் பேரும் விடுதலை. அங்க எந்தக் கப்பலை அனுப்பியும் அவங்களை மீட்டிருக்க முடியாது.

அப்போ ராணுவம் தேவையே இல்லன்னு சொல்ல வர்றீங்களா?

இல்லவே இல்ல. இந்தக் கருவிகளுக்கு ஆளும் பணமும் குடுங்கன்னு சத்தமா கேட்டவங்களே ராணுவத்துக்காரங்கதான். அமெரிக்க பாதுகாப்பு அமைச்சரா இருந்த ராபர்ட் கேட்ஸ் 2007 நவம்பர்ல கன்சாஸ்ல ஒரு உரைல சொன்னது இது: அமெரிக்க வெளியுறவுப் பணில இருக்குற அதிகாரிகள் மொத்தம் சுமார் 6,600 பேர், ஒரே ஒரு விமானம் தாங்கிக் கப்பல் அணிக்குத் தேவையான ஆளுங்களை விடக் கம்மி. அப்போ ஈராக்லயும் ஆப்கானிஸ்தான்லயும் போர் நடக்குது, அந்தப் போரை நடத்துற அமைச்சர், தன்னோட துறைக்குக் கேக்காம அடுத்த துறைக்குக் காசு கேக்குறார்.

2013-ல ஜெனரல் மாட்டிஸ் அமெரிக்க நாடாளுமன்றத்துல இன்னும் நேரடியா சொன்னார், வெளியுறவுத் துறைக்கு முழுசா பணம் தரலன்னா நான் இன்னும் நிறைய தோட்டா வாங்க வேண்டி வரும்னு. எனக்கு இந்த விஷயம் உறைச்சது அந்த வாக்கியத்துலதான். தூதர் தோத்த இடத்துக்கு சிப்பாய் போறான். நம்ம ஊர்லயும் பட்டாளத்துக்குப் பையனை அனுப்பின வீடுங்க இருக்கு, அவங்களுக்கு இது நல்லாவே புரியும்.

சரி, நம்ம நாடு இதுக்கெல்லாம் எவ்ளோ செலவு பண்ணுது?

2025-26 மத்திய பட்ஜெட் மொத்தம் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதுல பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி, வெளியுறவுத் துறைக்கு 20,517 கோடி. 100 ரூபாய் நோட்டா நினைச்சுக்கோங்க, பாதுகாப்புக்கு 13 ரூபாய் 45 பைசா போகுது (பென்ஷனும் சேத்து), வெளியுறவுக்கு 40 பைசா. அந்த 40 பைசாலதான் உலகம் பூரா இருக்குற தூதரகங்கள், அதிகாரிகள் சம்பளம், பாஸ்போர்ட் வேலை, பூட்டான்ல இருந்து ஆப்பிரிக்கா வரைக்கும் குடுக்குற உதவி எல்லாமே. முந்தின வருஷ பட்ஜெட்ல 22,155 கோடி ஒதுக்கியிருந்தாங்க, அதை விட இது கம்மி.

பாதுகாப்புல இருந்து பிடுங்கி இங்க குடுங்கன்னு நான் கேக்கல. 40 பைசா 60 பைசா ஆனாலே நிறைய மாறும்னு சொல்றேன்.

ஐ.எஃப்.எஸ். அதிகாரிங்க ஆயிரம் பேர்தான்னு படிச்சேன், அது நிஜமா சார்? 140 கோடி பேருக்கா?

நிஜம்தான். ஐ.எஃப்.எஸ்-னா இந்திய வெளியுறவுப் பணி, 2023-ல நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைல வந்த எண்ணிக்கை 1,011. வெளியுறவுத் துறையோட மொத்த ஆள் பலத்துல அது கால்வாசி கூட இல்ல. 2024-ல லோவி ஆய்வு நிறுவனம் எடுத்த கணக்குல சீனாவுக்கு உலகத்துல 274 தூதரகமும் துணைத் தூதரகமும் இருந்துச்சு, அமெரிக்காவுக்கு 271, நமக்கு 200-க்குக் கீழ. சின்ன தூதரகம்னா ரெண்டு மூணு அதிகாரிதான் இருப்பாங்க. மந்திரி வந்தா விமான நிலையத்துல நிக்கிறதும் அவங்கதான், ஜெயில்ல மாட்டின தொழிலாளியைப் பாக்குறதும் அவங்கதான், நம்ம கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிறதும் அவங்கதான், அந்த நாட்டு அரசியல் எந்தப் பக்கம் சாயுதுன்னு டெல்லிக்கு எழுத வேண்டியதும் அவங்கதான், கடைசியா சொன்ன வேலைக்கு எப்போ நேரம் கிடைக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

பணத்தை விட இதைத்தான் நான் பெரிய ஓட்டையா பாக்குறேன். பணம் ஒரு பட்ஜெட்ல ஏறிடும். ஒரு நாட்டோட மொழி, ஆளுங்க, ஊர்வழக்கு தெரிஞ்ச அதிகாரி உருவாக 15 வருஷம் ஆகும்.

நம்ம ஊர்லயே ரோடு குண்டும் குழியுமா கிடக்கு, அடுத்தவனுக்கு எதுக்கு காசு குடுக்கணும்?

அதிகமா வர்ற கேள்வி இதுதான், கேக்குறவங்க கோவத்துல நியாயம் இருக்கு. முதல்ல ஒண்ணு, வெளிநாட்டுக்குக் குடுத்தோம்னு செய்தில வர்ற பெரிய தொகைல பாதிக்கு மேல கடன், ஏற்றுமதி இறக்குமதிக்குன்னு இருக்குற அரசு வங்கியான எக்சிம் பேங்க் வழியா போறது, திரும்பி வரணும், அந்தக் கடன்ல வாங்குற சாமான்ல பெரும்பங்கு இந்தியக் கம்பெனிகள்கிட்ட இருந்துதான் வாங்கணும். இலவசமா குடுக்குற மானியம் தனி, அதுல பெரிய பங்கு பூட்டானுக்கு, 2025-26-ல 2,150 கோடி. பூட்டான்ல நாம கட்டிக் குடுத்த சுக்கா, தாலா, மாங்தேச்சு நீர்மின் நிலையங்கள்ல இருந்து கரண்ட் நமக்குத்தான் வருது.

ரெண்டாவது, பக்கத்து வீடு எரிஞ்சா நம்ம கூரைக்கும் நெருப்பு வரும். 2022-ல இலங்கைல பெட்ரோல் இல்ல, மருந்து இல்ல, பால் பவுடர் இல்ல. மார்ச் மாசமே மன்னார் பக்கத்துல இருந்து குடும்பங்கள் கைக்குழந்தையோட படகேறி தனுஷ்கோடி மணல்திட்டுல வந்து இறங்கினாங்க. அந்த வருஷம் இந்தியா கடன், எரிபொருள், கரன்சி ஏற்பாடுன்னு எல்லாம் சேத்து ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது, இலங்கை நமக்குத் தர வேண்டிய கடனைத் தளர்த்துறோம்னு 2023 ஜனவரில ஐ.எம்.எஃப்-க்கு (சர்வதேச நாணய நிதியம்) முதல் ஆளா உத்தரவாதமும் குடுத்தது, அதுக்கு அப்புறம்தான் மத்த நாடுகள் நகர்ந்தாங்க. தமிழ்நாடு அரசும் சட்டமன்றத்துல தீர்மானம் போட்டு 2022 மே 18 அன்னைக்கு சென்னைல இருந்து முதல் கப்பல் அனுப்புச்சு, 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், 24 டன் மருந்து. அந்த நாடு முழுசா உடைஞ்சிருந்தா ராமேஸ்வரம் கரைல எத்தனை ஆயிரம் பேர் வந்திருப்பாங்க, அங்க யாரு வந்து உக்காந்திருப்பாங்கன்னு யோசிச்சா அந்தச் செலவு சின்னதுதான்.

இலங்கைக்குக் குடுக்குறது நம்ம தமிழ் மக்களுக்குப் போய்ச் சேருதா, இல்ல கொழும்போட நின்னுடுதா?

ரெண்டும் நடக்குது. 50,000 வீடு கட்டுற திட்டத்துல 46,000 வடக்கு கிழக்குல, 4,000 தேயிலைத் தோட்டத் தமிழர் இருக்குற மலையகத்துல, அப்புறம் மலையகத்துக்கு இன்னொரு 10,000. வடக்குல பணத்தைக் கான்ட்ராக்டர்கிட்ட குடுக்காம வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய்னு தவணை தவணையா குடும்பத்தோட கணக்குல போட்டாங்க. ஓமந்தைல இருந்து காங்கேசன்துறை வரைக்கும் ரயில் பாதை நம்ம அரசு ரயில்வே கம்பெனி இர்கான் போட்டது, 24 வருஷம் கழிச்சு 2014 அக்டோபர்ல யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் போச்சு. 1990-ங்கிற நம்பருக்கு அடிச்சா வர்ற சுவசெரிய ஆம்புலன்ஸ் இந்திய மானியத்துல 2016-ல மேற்கு, தெற்கு மாகாணத்துல ஆரம்பிச்சு அப்புறம் நாடு பூரா போனது. அதுல சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லாரும்தான் ஏறுறாங்க, அப்படித்தான் இருக்கணும்.

குறையும் சொல்லணும். விலைவாசி ஏறினதுல அந்தத் தொகை பத்தாம கடன் வாங்கி வீட்டை முடிச்சவங்க இருக்காங்க. மலையக வீடுகள் ரொம்ப மெதுவா நகர்ந்தது. அரசியல் தீர்வுன்னு வரும்போது 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துல பேசின அதிகாரப் பகிர்வு இன்னும் முழுசா நிறைவேறல, அதுல நம்ம தூதர்கள் அழுத்தம் பத்தலன்னு எனக்கு ஆதங்கம் உண்டு. ஆனா படையை அனுப்பிப் பாத்ததும் நாமதான். 1987 முதல் 1990 வரைக்கும் அமைதிப்படை போச்சு, நம்ம ஜவான்கள் சுமார் 1,200 பேர் செத்தாங்க, அங்க அப்பாவித் தமிழ் மக்கள் எவ்ளோ பேர் செத்தாங்க, அந்தக் காயம் இன்னும் ஆறல. படை மூணு வருஷத்துல கெடுத்த பேரை அப்புறம் வந்த வீடும் ரயிலும் ஆம்புலன்ஸும் கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணிட்டு இருக்கு.

மாலத்தீவு நம்மளை வெளிய போன்னு சொன்னுச்சே, அங்க செஞ்ச உதவி எல்லாம் என்ன ஆச்சு?

மாலத்தீவுக் கதைல ஒரு நல்ல பாடம் இருக்கு, கொஞ்சம் நிதானமா பாக்கலாம். 2023 ஜனாதிபதித் தேர்தல்ல முய்சு 'இந்தியா அவுட்'னு சொல்லி ஜெயிச்சார். கோவம் எதுமேலன்னா அங்க இருந்த இந்திய ராணுவ ஆளுங்க மேல. இருந்தது சுமார் 80 பேர், ரெண்டு ஹெலிகாப்டர், ஒரு டோர்னியர் விமானம், பெரும்பாலும் தீவுகள்ல இருந்து நோயாளிங்களைத் தூக்கிட்டு வர்ற வேலை. 2024 மே 10-க்குள்ள அவங்க கிளம்பிட்டாங்க, ஆனா ஹெலிகாப்டரும் விமானமும் அங்கயே இருந்துச்சு, சீருடைக்காரங்களுக்குப் பதிலா சிவிலியன் டெக்னீஷியன்கள் போனாங்க. அதே இயந்திரம், அதே வேலை, சீருடை மட்டும் இல்ல, பிரச்சினை அடங்கிருச்சு.

அந்த நேரத்துல இங்க சோஷியல் மீடியால மாலத்தீவுக்கு டூர் போகாதீங்கன்னு பெரிய சத்தம். அரசாங்கம் அந்தச் சத்தத்துக்குப் பின்னாடி போகாம உதவியை நிறுத்தாம வச்சிருந்தது, 2024 அக்டோபர்ல அவங்க அன்னியச் செலாவணி காலியாகப் போன நேரத்துல 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் கரன்சி மாற்று ஏற்பாடு பண்ணுச்சு. 2025 ஜூலைல மாலத்தீவு சுதந்திர தினத்துக்கு இந்தியப் பிரதமர்தான் சிறப்பு விருந்தினர், கூப்பிட்டது அதே முய்சு. 2014 டிசம்பர்ல மாலே நகரத்துல தண்ணி சுத்திகரிப்பு நிலையம் தீப்பிடிச்சப்போ நம்ம விமானமும் கப்பலும் குடிதண்ணி கொண்டு போனதை அந்த ஊர் சனம் மறக்கல.

ஆப்கானிஸ்தான்ல 300 கோடி டாலர் கொட்டினோமே, தாலிபான் வந்ததும் எல்லாம் போச்சுல?

நானும் 2021 ஆகஸ்ட்ல அப்படித்தான் நினைச்சேன். சரஞ்சுக்கும் டெலாராமுக்கும் நடுவுல 218 கிலோமீட்டர் ரோடு, ஹெராத்ல சல்மா அணை, காபூல்ல நாடாளுமன்றக் கட்டிடம், 34 மாகாணத்துலயும் 400-க்கு மேல சின்னச் சின்ன வேலைங்க. அந்த ரோடு போடும்போது நம்ம ஆளுங்க உயிரும் போச்சு.

ஆனா அணைல தண்ணி இன்னும் நிக்குது, ரோட்டுல லாரி ஓடுது. 2022-ல நாம 50,000 டன் கோதுமை தர்றோம்னு சொல்லி பாகிஸ்தான் வழியா லாரில அனுப்பினோம். அந்த ஜூன்லயே ஒரு சின்ன டெக்னிக்கல் குழுவை காபூல்ல உக்கார வச்சாங்க, 2025 அக்டோபர்ல தாலிபான் வெளியுறவு அமைச்சர் டெல்லி வந்தார், அந்தக் குழு மறுபடி தூதரகமா ஆச்சு. தாலிபான் பொண்ணுங்களைப் படிக்க விடாம பண்றதை நான் ஒரு நாளும் ஏத்துக்க மாட்டேன், அதைச் சொல்றதுக்கும் அந்த ஊர்ல நமக்கு ஒரு ஆபீஸ் இருந்தாத்தான் முடியும். அமெரிக்கா 20 வருஷம் படையோட இருந்துச்சு, இன்னைக்கு அங்க அவங்களுக்குத் தூதரகம் இல்ல.

துருக்கிக்கு பூகம்பத்துல ஓடிப்போய் உதவினோம், அவன் பாகிஸ்தானுக்கு ட்ரோன் குடுத்தான். இனிமேலாவது ஆள் பாத்து உதவலாம்ல?

2023 பிப்ரவரில என்.டி.ஆர்.எஃப்.னு சொல்ற நம்ம தேசியப் பேரிடர் மீட்புப் படையோட குழு போச்சு, நம்ம ராணுவ டாக்டர்கள் இஸ்கெண்டருன்ல ஃபீல்டு ஆஸ்பத்திரி போட்டாங்க. 2025 மே மாசத்துல துருக்கி அரசு பாகிஸ்தான் பக்கம் நின்னுச்சு, துருக்கி ட்ரோன் நம்ம மேல வந்துச்சு. எனக்கும் வலிச்சது.

பேரிடர் உதவியை ஓட்டுக்குக் குடுக்குற அட்வான்ஸ் மாதிரி பாத்தா எப்பவும் ஏமாந்துதான் போவோம். இடிபாட்டுக்குள்ள மாட்டின குழந்தைக்கும் அங்காரால முடிவெடுக்குறவங்களுக்கும் சம்பந்தம் இல்ல. அரசாங்கம் அரசாங்கத்தோட கணக்கைத் தீத்துக்க வேற வழி இருக்கு, துருக்கிக் கம்பெனி ஒண்ணுக்கு நம்ம விமான நிலையங்கள்ல இருந்த பாதுகாப்பு அனுமதியை ரத்து பண்ணாங்கல்ல, அது அந்த மாதிரி. ரெண்டையும் தனித்தனியா வைக்கணும். இதே மீட்புப் படையோட நாலாவது பட்டாலியன் நம்ம அரக்கோணத்துல இருக்கு, 2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம கடற்கரைக்கு இவங்க எவ்ளோ முக்கியம்னு சொல்ல வேண்டியதில்ல, வெளிநாட்டுல போய் வேலை செஞ்ச அனுபவம் நம்ம ஊர் வெள்ளத்துலயும் உதவும்.

பஹல்காம்ல 26 பேரைச் சுட்டுக் கொன்னாங்க. அந்த ஆளுங்களைப் பேச்சு நிறுத்துமா?

சுட வர்றவனைப் பேச்சு நிறுத்தாது. அவனுக்குத் துப்பாக்கி வாங்கப் பணம் குடுத்தவனை நிறுத்த முடியும். பணம் எங்க இருந்து எங்க போகுதுன்னு பாக்குற எஃப்.ஏ.டி.எஃப்.னு ஒரு சர்வதேச அமைப்பு இருக்கு. 2018 ஜூன்ல இருந்து 2022 அக்டோபர் வரைக்கும் பாகிஸ்தானை அது சாம்பல் பட்டியல்ல வச்சிருந்தது, அதாவது இந்த நாட்டுல தீவிரவாதப் பணத்துக்குக் கட்டுப்பாடு சரியில்லன்னு உலக வங்கிகளுக்குச் சொல்ற எச்சரிக்கை. அந்தக் காலத்துலதான் லஷ்கர் தீவிரவாத அமைப்போட தலைவர் ஹபீஸ் சயீதை அவங்களே கைது பண்ணி 2020 பிப்ரவரில தீவிரவாத நிதி வழக்குல தண்டனை குடுத்தாங்க. ஜெய்ஷ் அமைப்போட தலைவர் மசூத் அசார் பேரை ஐ.நா. தீவிரவாதிகள் பட்டியல்ல சேக்க சீனா திரும்பத் திரும்பத் தடுத்துட்டே இருந்துச்சு, 2019 மே 1-ல சேத்தாங்க. நம்ம தூதர்கள் பத்து வருஷம் விடாம நாடு நாடா ஏறி இறங்கினதுக்குக் கிடைச்சது அது.

மும்பை தாக்குதல் வழக்குல நாம தேடின தஹாவூர் ராணா 2009-ல சிகாகோல பிடிபட்ட ஆளு, 2025 ஏப்ரல்ல டெல்லி கொண்டு வந்து இறக்கினாங்க. 16 வருஷம், அமெரிக்க கோர்ட் ஒவ்வொண்ணா. பொறுமை இல்லாதவங்களுக்கு இந்த வேலை எரிச்சலாத்தான் இருக்கும். 2025 மே, ஜூன்ல ஏழு எம்.பி. குழுக்கள் உலகம் சுத்திப் போய் நம்ம பக்கத்தைச் சொன்னதும் இதே வகைதான், அதுல ஒண்ணு கனிமொழி தலைமைல ரஷ்யா, ஸ்பெயின், கிரீஸ் எல்லாம் போச்சு. ஸ்பெயின்ல இந்தியாவோட தேசிய மொழி எதுன்னு கேட்டதுக்கு வேற்றுமையில் ஒற்றுமைதான்னு பதில் சொன்னாங்க. எதிர்க்கட்சிக்காரங்க போய் நாட்டுக்காகப் பேசுறப்போ அந்தப் பேச்சுக்கு எடை கூடும்னு நான் நம்புறேன்.

உதவி குடுக்குற மாதிரி உதவியை நிறுத்தியும் வழிக்குக் கொண்டு வரலாம்ல? பெட்ரோலை நிறுத்தினா நேபாளம் கேக்காதா?

நடந்து முடிஞ்ச கதை இது. 2015 ஏப்ரல்ல நேபாளத்துல பூகம்பம், சில மணி நேரத்துல நம்ம விமானம் அங்க இறங்குச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல அவங்க புது அரசியல் சட்டம் வந்ததும் எல்லைல லாரிங்க நின்னு போச்சு, பெட்ரோல், கேஸ், மருந்து எதுவும் போகல, 2016 பிப்ரவரி வரைக்கும் இழுத்துச்சு. அந்தச் சட்டத்தை எதிர்த்து தெற்கு நேபாளத்து மாதேசி மக்கள் பண்ண போராட்டத்தாலதான் நின்னுச்சுன்னு நம்ம அரசு சொன்னது. நேபாள மக்கள் அதை நம்பல. பூகம்பத்துல சம்பாதிச்ச நல்ல பேரை அஞ்சு மாசத்துல தொலைச்சோம். அடுத்த மார்ச்லயே அவங்க பிரதமர் சீனா போய் அந்த வழியா சரக்கு கொண்டு வர ஒப்பந்தம் போட்டுட்டு வந்தார். பீகார் மோதிஹாரில இருந்து நேபாளத்து அம்லேக்கஞ்ச் வரைக்கும் 69 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் போட்டு 2019-ல திறந்ததுக்கு அப்புறம்தான் கொஞ்சம் சூடு தணிஞ்சது.

நமக்கே இது நடந்திருக்கு, பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1960-கள்ல அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நம்பி இருந்தோம். வியட்நாம் போரை இந்தியா விமர்சிச்சது பிடிக்காம ஜனாதிபதி ஜான்சன் கப்பலை மாசக்கணக்குப் பாத்து இழுத்து இழுத்து விட்டார். நாம பணிஞ்சோமா? அந்த அவமானமும் சேந்துதான் உணவு அமைச்சரா இருந்த நம்ம சி. சுப்பிரமணியமும் எம்.எஸ். சுவாமிநாதனும் 1966-ல 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை இறக்கி பசுமைப் புரட்சிக்கு வழி போட்டாங்க. பசியைக் காட்டி மிரட்டினா எதிராளி வேற கடை தேடிப் போவான். பண வழியை அடைக்கிறது வேற, முந்தின பதில்ல சொன்னது குற்றவாளி மேல குறி வைக்குது, இது அடுப்படி மேல குறி வைக்குது.

கொரோனால தடுப்பூசி எல்லா நாட்டுக்கும் குடுத்தோமே, அது நல்ல பேர்தானே வாங்கிக் குடுத்துச்சு?

ஆரம்பத்துல ஆமா. 2021 ஜனவரி 20-ல பூட்டானுக்கும் மாலத்தீவுக்கும் முதல் டோஸ் போச்சு, பணக்கார நாடுகள் பதுக்கி வச்சிருந்த நேரம் அது. பூட்டான் நம்ம ஊசியை வச்சு ரெண்டே வாரத்துல பெரியவங்கள்ல பத்துல ஒம்பது பேருக்கு மேல முதல் டோஸ் போட்டு முடிச்சது.

ஏப்ரல்ல இங்க ரெண்டாவது அலை, நம்ம சனமே ஆக்சிஜன் இல்லாம ஆஸ்பத்திரி வாசல்ல செத்தாங்க, ஏற்றுமதி நின்னுச்சு. நிறுத்தினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பங்களாதேஷ் 3 கோடி டோஸுக்கு ஒப்பந்தம் போட்டு 70 லட்சம்தான் வாங்கியிருந்தது, அவங்க சீன ஊசிக்குப் போனாங்க. பூட்டானுக்கு ரெண்டாவது டோஸ் அமெரிக்கால இருந்து வந்துச்சு. அக்டோபர்ல நாம மறுபடி ஆரம்பிச்சோம், அதுக்குள்ள இடம் கை மாறிருச்சு. வாக்கு குடுக்குறதுக்கு முன்னாடி நம்ம கையிருப்பு, தயாரிப்பு வேகம் எல்லாம் கணக்குப் பாக்குற ஒரு ஏற்பாடு இருந்திருக்கணும். இந்தக் கருவிகளுக்கு முதலே வாக்குதான், அது தவறினா பீரங்கி துருப்பிடிச்ச மாதிரி.

சீனா கிட்ட இருக்குற காசுக்கு நாம எப்படி ஈடு குடுக்க முடியும்?

காசுல முடியாது, முயற்சி பண்ணவும் வேணாம். இலங்கைல அம்பாந்தோட்டை துறைமுகத்தைக் கட்ட சீனக் கடன், அப்புறம் 2017-ல 112 கோடி டாலருக்கு 99 வருஷக் குத்தகைல சீனக் கம்பெனிக்கே போச்சு, அந்த மாதிரி துறைமுகம் நம்மால கட்டித் தர முடியாம போகலாம். நம்மகிட்ட இருக்குறது ஆளுங்க. வெளிநாட்டு அதிகாரிகளுக்குன்னு 1964-ல ஆரம்பிச்ச ஐடெக் பயிற்சித் திட்டம் 160 நாட்டுக்கு மேல போயிருக்கு, வர்றவங்களுக்கு டிக்கெட், தங்குற இடம், படிப்பு எல்லாம் நம்ம செலவு. ஊர்ல திரும்பிப் போய் அவங்கதான் அதிகாரி. 2023-ல சென்னை ஐ.ஐ.டி. தான்சானியாவோட சான்சிபார்ல கிளை திறந்துச்சு, ஐ.ஐ.டி. ஒண்ணு வெளிநாட்டுக்குப் போனது அதான் முதல் தடவை. வேலூர் ஆஸ்பத்திரிக்கும் சென்னை ஆஸ்பத்திரிகளுக்கும் எத்தனை நாட்டு நோயாளிங்க வர்றாங்க. பிழைச்சுப் போற குடும்பம் நம்மைப் பத்திப் பேசுறது எந்த விளம்பரத்துலயும் வராது, அதனால மருத்துவ விசாவை அரசியல் கோவத்துல இறுக்குறது எனக்குப் பிடிக்காது.

நாம தோக்குறது வேகத்துல. சீனாக்காரன் சொன்ன தேதிக்கு முடிக்கிறான், நம்ம ஃபைல் துறை துறையா சுத்துது. 2012-ல வளர்ச்சி உதவிக்குன்னு வெளியுறவுத் துறைக்குள்ள தனிப் பிரிவு வச்சாங்க, நல்ல விஷயம், ஆனா என்ஜினியர், கணக்காளர், அந்த நாட்டு மொழி தெரிஞ்ச ஆள்னு அதுக்குள்ள நிரந்தரமா இருக்கணும். நாலாவது பதில்ல சொன்ன ஆள் பஞ்சம்தான் இங்கயும் வந்து நிக்குது.

அமெரிக்காவே யு.எஸ்.எய்டை மூடிட்டான், அப்போ இதெல்லாம் வேஸ்டுன்னு தெரிஞ்சுதானே மூடினான்?

யு.எஸ்.எய்ட்ங்கிறது அமெரிக்காவோட வெளிநாட்டு உதவி அமைப்பு, 1961-ல கென்னடி ஆரம்பிச்சது, 2025 ஜூலை 1-ல தனி அமைப்பா இயங்குறது நின்னுச்சு, மிச்சம் மீதியை வெளியுறவுத் துறைக்குள்ள சேத்துட்டாங்க. மூடினவங்க வேஸ்டுன்னுதான் சொன்னாங்க. அதே நாட்டுல 2003-ல ஒரு குடியரசுக் கட்சி ஜனாதிபதி ஆரம்பிச்ச எய்ட்ஸ் மருந்துத் திட்டம் 2.5 கோடி உயிரைக் காப்பாத்துச்சுன்னு அந்த அரசாங்கமே கணக்கு சொல்லிருக்கு. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் மேற்கு ஐரோப்பாவுக்குக் குடுத்த மார்ஷல் திட்டம் சுமார் 1,300 கோடி டாலர், அந்த நாடுங்கதான் இன்னைக்கு வரைக்கும் அமெரிக்காவோட கூட்டாளி. அதுல ஊழல் வீண்செலவு இருந்திருக்கும், அதைத் திருத்தியிருக்கலாம். ஒரே ராத்திரில மருந்தை நிறுத்தினா கிளினிக் வாசல்ல நிக்கிற அம்மாவுக்கு அமெரிக்கா மேல என்ன எண்ணம் வரும்? கேட்ஸும் மாட்டிஸும் சொன்னதை அவங்க நாடே கேக்கல.

நம்ம மீனவங்களை இலங்கை நேவி பிடிச்சுட்டே இருக்கான். நம்ம நேவியை நிறுத்தினா ஒரே நாள்ல முடியாதா?

ராமேஸ்வரத்துல, ஜெகதாப்பட்டினத்துல வீட்டுக்காரர் ஜெயில்ல இருக்குற பொம்பளைங்க கேக்குறப்போ இந்தக் கேள்விக்கு வாய் வராது. ஆனா உண்மையைச் சொல்லணும். நம்ம நேவி போய் நின்னா அந்தப் பக்கம் வலையை இழந்து நிக்கிறது யாருன்னு பாருங்க, யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவுத் தமிழ் மீனவங்க. முப்பது வருஷப் போர்ல கடலுக்கே போக முடியாம இருந்து இப்பதான் எழுந்திருக்காங்க, நம்ம இழுவைப் படகு அவங்க வலையை அறுத்துட்டுப் போகுது. இலங்கை 2017-ல இழுவை மடியை சட்டம் போட்டுத் தடுத்துச்சு. கச்சத்தீவு ஒப்பந்தம் மேல நமக்கு நியாயமான மனக்குறை இருக்கு, அதைத் தனியா பேசணும், ஆனா கச்சத்தீவு நாளைக்கே நம்ம கைக்கு வந்தாலும் மீன் அதைத் தாண்டித்தான் இருக்கு.

இதுக்கு உண்மையான கருவி படகுக் கடன்தான். 2017-ல பாக் விரிகுடா இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகா மாத்த ஒரு திட்டம் வந்துச்சு, 80 லட்சம் ரூபாய் படகுக்கு பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 10 சதவீதம் மீனவர், மிச்சம் வங்கிக் கடன். மூணு வருஷத்துல 2,000 படகுன்னாங்க, கட்டினது அதுல ரொம்ப ரொம்பக் கொஞ்சம். படகு பெருசு, டீசல் செலவு தாங்கல, வங்கி கடன் தரல, ஆழ்கடல்ல சூரை மீன் பிடிக்கிற பழக்கம் நம்ம ஆளுங்களுக்கு இல்ல, பயிற்சியும் பத்தல. 2014-ல ரெண்டு நாட்டு மீனவங்களும் சென்னைலயும் கொழும்புலயும் நேருக்கு நேரா உக்காந்து பேசினாங்க, அந்த மாதிரி பேச்சு வருஷத்துக்கு ரெண்டு தடவை விடாம நடக்கணும், மீனவங்க ஒத்துக்கிட்ட விஷயத்தை டெல்லியும் கொழும்பும் எழுத்துல போடணும். வெளியுறவுத் துறை, மீன்வளத் துறை, தமிழ்நாடு அரசு, வங்கி நாலும் ஒரே மேசைல உக்கார்ற ஒரு நிரந்தர அலுவலகம் ராமநாதபுரத்துல வேணும்னு நான் கேப்பேன், டெல்லில இல்ல.

அண்ணா, நான் இன்ஜினியரிங் முடிச்சுட்டு சும்மா இருக்கேன், இதுல நான் என்ன பண்ண முடியும்?

யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் எழுதுறப்போ ஐ.எஃப்.எஸ்-ஐ விருப்பப் பட்டியல்ல மேல போடு. பொதுப்பிரிவுக்கு 32 வயசு வரைக்கும், ஓ.பி.சி-க்கு 35, எஸ்.சி., எஸ்.டி-க்கு 37. மெயின்ஸ் பதிலைத் தமிழ்லயே எழுதலாம், நிறைய பேருக்கு அது தெரியல. தேர்வானா ஒரு வெளிநாட்டு மொழியை உனக்கு ஒதுக்கி அவங்களே படிக்க வைப்பாங்க. அது கஷ்டமா தெரிஞ்சா மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். பட்டதாரித் தேர்வு வழியா வெளியுறவுத் துறைல உதவிப் பிரிவு அதிகாரி வேலை இருக்கு, டிகிரி போதும், தூதரகப் போஸ்டிங்கும் வரும்.

தேர்வு வேணாம்னா ஒரு பக்கத்து நாட்டு மொழியைப் பிடி. நம்ம பசங்க பிரெஞ்சு, ஜெர்மன் கிளாஸுக்கு ஓடுறாங்க, சிங்களம் படிச்ச தமிழ்நாட்டுப் பையனை எங்க நூலகத்துல நான் இதுவரைக்கும் ஒருத்தனைக் கூட பாக்கல, அத்தனை கிட்ட இருக்குற நாடு. நீ ஆரம்பிக்கிறதா இருந்தா ஞாயித்துக்கிழமை வா, இன்னும் ரெண்டு பேர் ஆர்வமா இருக்காங்க, சேந்து படிக்கலாம்.